அரைச் சாரதி

மோட்டார் காரின் வேகத்தை மனிதனுடைய காலிடமிருந்து வாங்கி யந்திரத்தின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணம் பலமாக வேரூன்றியது, கண்பார்வை அற்ற ஒருவருடைய உள்ளத்தில் என்பது விஞ்ஞான சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. சிறு வயதில் நேர்ந்த விபத்தினால் பார்வையை இழந்தும், அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் பெயர்பெற்ற எஞ்சினீயராக விளங்கிய ரால்ஃப் டீட்டர், தம் வக்கீலின் காரில் பிரயாணம் செய்கையில், அந்த வக்கீல் தாம் பேசும்போது வேகத்தைக் குறைப்பதையும் பிறர் பேச்சைக் கேட்கும்போது கூட்டுவதையும், அதனால் வண்டி ஓயாமல் உதறுவதையும் உணர்ந்து சலிப்புற்றார் என்றும், அந்தச் சலிப்பே ஒரே சீரான வேகத்தைக் காக்கும் கருவி ஒன்றை அமைக்க அவரைத் தூண்டியது என்றும் சொல்வார்கள். 1950-ஆம் ஆண்டில் அக்கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. க்ரூஸ் கன்ட்ரோல் என்று இன்று உலகம் அறிந்த அந்தக் கருவி எதையும் பார்ப்பதில்லை. எதையும் அநுமானிப்பதும் இல்லை. இட்ட வேகத்தில் செல்லும். பிரேக்கில் கால் பட்டதும் விலகிக்கொள்ளும். அதனுடைய குணம் முழுவதும் இவ்வளவே ஆகையால், அதை உபயோகித்தவர்களுக்கு அதனிடம் ஏமாற்றம் ஏற்படச் சந்தர்ப்பம் குறைவாகவே இருந்தது.

அதன் சந்ததியோ வேறு விதமானது. 1990-களில் ஜப்பானியரும் ஜெர்மானியரும், முன்னே செல்லும் வண்டியை லேசர் கதிராலோ ரேடார் அலையாலோ அளந்து, அதற்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியைக் கார்களில் பொருத்தினார்கள். பிறகு கேமராவும் கணிப்பொறியும் வந்து சேர்ந்தன. சாலையில் தீட்டிய கோடுகளைக் கண்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் சாமர்த்தியமும் கைகூடியது. 2015 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் இவையனைத்தையும் ஒன்றுசேர்த்து, ஆட்டோபைலட் என்ற பெயரில் தன் மின்சாரக் கார்களில் இயங்கச் செய்தபோது, சாரதியின் வேலையில் பாதி ஒழிந்தது என்றே பலர் எண்ணினார்கள். அந்தப் பாதி ஒழிந்ததா, அல்லது வேறு உருவில் திரும்பி வந்ததா என்பதை, அக்கார்களை வாங்கினவர்களுடைய மனக்குறைகளைக் கொண்டே நாம் ஆராயலாம்.

அக்குறைகளுள் முதன்மையானது, அமெரிக்கர்கள் ஃபேன்டம் பிரேக்கிங் என்று குறிப்பிடும் மாயத் தடை. முன்னே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. அகன்ற நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும் கார், திடீரென்று எதையோ கண்டு மிரண்டதுபோலத் தானே பிரேக்கை அழுத்திக்கொள்கிறது. உள்ளே இருப்பவர்கள் முன்னே சாய்கிறார்கள். பின்னால் வருகிறவர் பதறுகிறார். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், ஒன்பது மாத காலத்தில் இத்தகைய முறையீடுகள் 354 வந்து சேர்ந்ததைக் கண்டு, 2021, 2022 ஆண்டுகளின் டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்கள் சுமார் 4,16,000 குறித்து 2022 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. சில மாதங்களுக்குள் முறையீடுகளின் எண்ணிக்கை 758 ஆக உயர்ந்தது. உதறலைப் போக்கப் பிறந்த கருவியின் சந்ததியே உதறலுக்குக் காரணமான இந்த விபரீதம் எப்படி நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், யந்திரம் சாலையைக் காணும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரில் பொருத்தும் ரேடார் என்பது, சுமார் நான்கு மில்லிமீட்டர் அளவே அலைநீளமுள்ள ரேடியோ அலையை முன்னே செலுத்தி, எதிரே உள்ள பொருளின்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு, அப்பொருளின் தூரத்தையும், அது நெருங்கும் அல்லது விலகும் வேகத்தையும் நேராக அளந்துவிடும் கருவி. இருளும் மூடுபனியும் அதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆனால் கார்களில் நெடுங்காலம் பொருத்தப்பட்டுவந்த ரேடாருக்கு ஒரு பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பிரித்தறியும் திறன் மிகவும் அற்பம். சாலையின் குறுக்கே தலைக்கு மேல் செல்லும் இரும்புப் பாலமும், பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரியும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் அசையாப் பொருள்கள். இரண்டும் காரின் வேகத்திலேயே காரை நோக்கி வருவதுபோலக் காட்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் கார் நின்றுகொண்டிருந்தால் பிரயாணம் நடவாது என்ற காரணத்தால், அசையாமல் நிற்கும் பொருள்களிலிருந்து வரும் எதிரொலிகளைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் விடும்படி எஞ்சினீயர்கள் அதற்குக் கற்பித்தார்கள். இவ்வகைக் கருவிகளை நம்பிச் செல்லும் கார்கள், சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கவனியாமல் விட்டுவிடக்கூடும் என்று பல நிறுவனங்களின் கையேடுகள் எச்சரிப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

கேமராவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. வண்ணம், வடிவம், எழுத்து, கோடு ஆகிய எல்லாவற்றையும் அது காணும். தூரத்தை மட்டும் காணாது. தட்டையான படத்தில் தூரம் என்பது பிரத்தியட்சமாகக் கிடைக்கும் பொருள் அன்று. அது அநுமானத்தால் பெற வேண்டியது. லட்சக்கணக்கான காட்சிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலைப்பின்னல் என்னும் கணித அமைப்பு, இந்த அளவில் இந்த உருவம் தெரிந்தால் அது இவ்வளவு தூரத்தில் உள்ள லாரியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதே ஓர் அற்புதம். ஆயினும், பாலத்தின் நிழல் சாலையின் குறுக்கே கரிய பட்டையாக விழுந்திருக்கும்போதும், உச்சி வெயிலில் தார்ச்சாலையின்மேல் கானல் நீர் பளபளக்கும்போதும், இருவழிச் சாலையின் வளைவில் எதிரே வரும் லாரி ஒரு கணம் நம் பாதையிலேயே வருவதுபோலத் தோன்றும்போதும் அந்த ஊகம் தடுமாறுகிறது. மாயத் தடை இத்தகைய இடங்களிலேயே அடிக்கடி நேர்கிறது என்று கார்க்காரர்கள் கூறுவதில் வியப்பில்லை.

இங்கே நம் வேதாந்திகள் எடுத்தாளும் பழைய திருஷ்டாந்தம் ஒன்று பொருத்தமாக உதவுகிறது. மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றை அரவு என்று கண்டு அஞ்சுவது ஒரு பிழை. அரவையே கயிறு என்று எண்ணி மிதிப்பது அதனினும் கொடிய மற்றொரு பிழை. காட்சியின் தெளிவு மாறாமல் இருக்கும்வரை, இவ்விரண்டு பிழைகளையும் ஒருங்கே குறைக்க எவராலும் இயலாது. சிறிது சந்தேகம் தோன்றினாலும் விலகிவிடுவது என்று தீர்மானித்தால் அரவுக்குத் தப்பலாம். ஆனால் கயிறுகளுக்கெல்லாம் அஞ்ச நேரும். நிச்சயமாகத் தெரிந்தாலன்றி விலகுவதில்லை என்று உறுதிகொண்டால் வீண் அச்சம் நீங்கும்; ஆனால் என்றேனும் ஒரு நாள் அரவை மிதிக்க நேரும். ரேடார்த் திரையின் முன் அமர்ந்து, புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று தீர்மானிக்க வேண்டியவர்களுடைய சங்கடத்தைப் பின்பற்றி, 1950-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதையே கணித சாஸ்திரமாக வகுத்துத் தந்தார்கள். தீர்மானத்தின் வரம்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு பிழை குறைந்து மற்றது பெருகும் என்பதும், இரண்டும் சேர்ந்து குறைய வேண்டுமானால் காட்சியின் தெளிவையே உயர்த்த வேண்டும் என்பதும் அதன் சாரம்.

டெஸ்லாவின் சரித்திரத்தில் இவ்விரு பிழைகளும் தனித்தனியே முத்திரை பதித்திருக்கின்றன. 2016 மே 7 அன்று ஃபிளாரிடா மாகாணத்தின் வில்லிஸ்டன் என்னும் ஊருக்கு அருகில், சாலையின் குறுக்கே திரும்பிய லாரி ஒன்றின் பக்கவாட்டில், ஆட்டோபைலட்டில் சென்றுகொண்டிருந்த கார் பிரேக்கே இடாமல் மோதியது; ஓட்டியவர் உயிரிழந்தார். பிரகாசமான வானத்தின் பின்னணியில் லாரியின் வெண்ணிறப் பக்கத்தை யந்திரம் பிரித்தறியவில்லை என்று டெஸ்லா விளக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் ரேடாருக்கு முக்கியத்துவம் தந்து மென்பொருளைத் திருத்தியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ரேடாரும் கேமராவும் முரண்பட்ட சாட்சியம் கூறும்போது எதை நம்புவது என்ற சிக்கலைக் காட்டி, 2021 மே மாதத்திலிருந்து வட அமெரிக்காவில் விற்கும் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரையே நீக்கிவிட்டது. முறையீடுகள் பெருகியது இதற்குப் பிற்பட்ட காலத்தில்தான். இரண்டு சாட்சிகள் முரண்படுவது சங்கடமே. ஆனால் ஒரு சாட்சியை வெளியேற்றிவிட்டதால் எஞ்சிய சாட்சியின் பார்வை கூர்மையடைந்துவிடாது.

யந்திரத்தின் பிழை மிக அபூர்வமாக இருந்தாலும் மனிதனுக்கு அது அடிக்கடி நேர்வதாகத் தோன்றுவதன் ரகசியத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். கேமரா விநாடிக்கு முப்பது படங்களை எடுக்கிறது என்றும், ஒவ்வொரு படத்தையும் பார்த்து யந்திரம் தடை உண்டா இல்லையா என்று தீர்ப்புக் கூறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,08,000 தீர்ப்புகள் பிறக்கின்றன. பத்து லட்சம் தீர்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் தவறும் என்ற அளவுக்கு அது தேர்ச்சி பெற்றிருந்தாலும், சராசரியாகச் சுமார் ஒன்பது மணி நேரப் பிரயாணத்துக்கு ஒரு முறை பிழை நேரும். ஒரே படத்தைக் கொண்டு பிரேக்கை அழுத்தாமல், தொடர்ந்து பல படங்கள் அதையே கூறினால்தான் அழுத்துவது என்று எஞ்சினீயர்கள் விதிப்பார்கள். ஆனால் ஒரு படத்தை ஏமாற்றிய நிழல் அடுத்த படத்தையும் ஏமாற்றுமாதலால் அந்த விதி ஓரளவுக்குத்தான் காக்கும். மேலும், நெடுஞ்சாலையில் உண்மையான ஆபத்து மிக அரிதாகவே குறுக்கிடுகிறது. அரிதான ஒன்றைத் தேடும் கருவி எழுப்பும் கூச்சல்களில் பெரும்பாலானவை பொய்க் கூச்சல்களாக இருப்பது கணிதத்தின் நியதி. கருவியின் தரக்குறைவு மாத்திரமே அதற்குக் காரணம் அன்று.

இத்தொல்லை பெட்ரோல் கார்களுக்கும் உண்டு. ஆயினும் மின்சாரக் காரில் அது இன்னும் நெருக்கமாகப் படிந்திருப்பதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. மின் மோட்டார், கணிப்பொறியின் கட்டளைக்குக் கணநேரத்தில் கீழ்ப்படியும். ஆக்ஸிலரேட்டரின் தூண்டுதல் நின்றதுமே அது மின்னாக்கியாக மாறி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம், காரின் உறுப்புகள் எல்லாவற்றையும் ஒரு மையக் கணிப்பொறியின்கீழ் கொண்டுவந்து, அதன் மென்பொருளைக் கம்பியில்லாத் தொடர்பின் வழியாகவே மாற்றும் வழக்கத்தை மின்சாரக் கார்கள் ஏற்படுத்தியது. இரவில் ஒரு குணத்துடன் நிறுத்திய கார் காலையில் மற்றொரு குணத்துடன் விழித்தெழலாம். 2021 அக்டோபரில் டெஸ்லா அனுப்பிய சோதனை மென்பொருள் ஒன்றை ஏற்ற கார்கள் சில, இல்லாத மோதலுக்கு எச்சரித்து அவசர பிரேக்கை இட்டன. கணிப்பொறியின் இரண்டு சிப்புகளுக்கிடையே செய்தித் தொடர்பு அறுந்ததே காரணம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. சுமார் 12,000 கார்களை உட்படுத்திய அந்தக் குறையை நிறுவனம் சில நாள்களுக்குள்ளேயே, காரை எவரும் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், கம்பியில்லாத் தொடர்பின் வழியாகவே திருத்தியும் விட்டது. விரைவில் கெடுக்கவும் விரைவில் சீர்படுத்தவும் வல்ல இந்த வசதியை வரம் என்பதா சாபம் என்பதா என்பது, எந்த இரவின் மாற்றம் நமக்கு வாய்த்தது என்பதைப் பொறுத்தது.

இதுவரை யந்திரத்தின் பார்வையைப் பற்றிக் கூறினோம்; இனி மனிதனுடைய நிலையைப் பார்ப்போம். இந்தக் கருவிகள் ஓட்டும், ஆனால் பொறுப்பு ஏற்கமாட்டா. கையை ஸ்டியரிங்கிலும் கண்ணைச் சாலையிலும் வைத்துக்கொண்டு, யந்திரம் தவறும் கணத்தில் தலையிட வேண்டியவர் மனிதரே. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த உத்தியோகம், மனித இயல்புக்கு மிகவும் விரோதமானது. இரண்டாம் உலகப் போரின் ரேடார்க் காவலர்களை முன்னிட்டு நார்மன் மாக்வொர்த் என்னும் ஆங்கில உளநூல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். கடிகாரம் போன்ற முகத்தில் முள் ஒன்று படிப்படியாகத் தாவும். எப்போதேனும் ஒரு முறை அது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வேலை இல்லை. முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே பார்ப்பவர்களுடைய விழிப்பு வெகுவாகத் தளர்ந்துவிட்டது என்று 1948-இல் அவர் வெளியிட்டார். 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்னும் அம்மையார் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று, யந்திரத்தை எவ்வளவு நம்பகமாக அமைக்கிறோமோ, அதைக் கண்காணிக்கும் மனிதன் அவ்வளவுக்கு அவ்வளவு பழக்கமற்றவனாகி, தன் உதவி தேவைப்படும் அவசரத்தில் உதவ இயலாதவனாகிறான் என்ற முரண்பாட்டை எடுத்துரைத்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு முப்பது மீட்டர் கடக்கிறது. சிந்தனை வேறெங்கோ சென்றிருந்த ஒருவர் நிலைமையை உணர்ந்து செயல்பட மூன்று விநாடி ஆனாலும், அதற்குள் தொண்ணூறு மீட்டர் கடந்துவிடும்.

ஆகவே, சாரதி விழித்திருக்கிறாரா என்று யந்திரம் அவரைக் கண்காணிக்கத் தொடங்கியது. அவர் யந்திரத்தைக் கண்காணிப்பதும், யந்திரம் அவரைக் கண்காணிப்பதுமான இந்த விந்தையான தாம்பத்தியத்தில் பிறக்கும் பிணக்குகளே கார்க்காரர்களுடைய இரண்டாவது மனக்குறை. பல கார்களில் ஸ்டியரிங்கின்மீது கை இருக்கிறதா என்பது, அதன்மேல் ஏற்படும் முறுக்கு விசையைக் கொண்டே அறியப்படுகிறது. நேரான சாலையில் இரு கைகளாலும் பக்தியுடன் பற்றிக்கொண்டிருப்பவரையும், திருப்பாமல் இருக்கிறார் என்ற ஒரே குற்றத்துக்காக அது அதட்டும். மாறாக, ஸ்டியரிங்கில் ஒரு கனத்தைக் கட்டிவிட்டு உறங்குகிறவரைக் கண்டு அது திருப்தியடையும்; அத்தகைய கனத்தையே வியாபாரப் பண்டமாக விற்ற ஒரு நிறுவனத்தை 2018-இல் அமெரிக்க அரசாங்கம் தடுக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில், இந்தக் கண்காணிப்புப் போதாது என்ற காரணத்தால் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் மென்பொருள் திருத்தத்துக்கு உட்படுத்தப்பட்டன. அதன் பலனாக எச்சரிக்கைகள் பெருகின. தொல்லை பெருகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். திருத்தம் போதுமானதா என்று அரசாங்கமோ நான்கு மாதங்களில் மறுவிசாரணை தொடங்கியது. மற்ற நிறுவனங்களின் நிலையும் மெச்சத்தக்கதன்று. அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2024 மார்ச்சில் இத்தகைய பதினான்கு அமைப்புகளைச் சோதித்து, பதினொன்றைத் தரம் குறைந்தவை என்றே தள்ளியது. ஏற்கத்தக்கது என்ற அளவை எட்டியது ஒன்றே ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே பிணக்கு வேறு வேஷம் பூண்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும், வேக வரம்பை அறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதை அணைத்துவைக்கலாம், ஆனால் அடுத்த முறை காரைக் கிளப்பும்போது அது தானே உயிர்பெற வேண்டும் என்பதும் சட்டமே. கிளைச்சாலைக்கு உரிய பலகையை நெடுஞ்சாலைக்கு உரியதாகப் படித்துவிட்டு யந்திரம் மணியடிக்கும்போது, நியாயமாக ஓட்டுகிறவருக்கு ஏற்படும் எரிச்சலைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எரிச்சலில் ஓர் அபாயமும் உண்டு. பத்து முறை பொய்யாக ஒலித்த மணியைப் பதினோராம் முறை எவரும் செவிமடுப்பதில்லை.

மூன்றாவது குறை பணத்தைப் பற்றியது. 2016 அக்டோபரில், இனித் தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும் முழுமையாகத் தானே ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் உள்ளன என்று டெஸ்லா அறிவித்தது. அவ்வாறு ஓட்டுவதற்கென்று அது விற்ற, ஃபுல் செல்ஃப் டிரைவிங் என்னும் மென்பொருளின் விலை படிப்படியாக ஏறி, 2022 செப்டம்பரில் 15,000 டாலரைத் தொட்டு, பிறகு 2024-இல் 8,000 டாலருக்கு இறங்கியது. உச்ச விலையில் வாங்கினவர் இறக்கத்தைக் கண்டு மனம் நொந்ததில் நியாயம் உண்டு. அதே 2024-இல் அதன் பெயரோடு மேற்பார்வைக்கு உட்பட்டது என்னும் அடைமொழியும் சேர்ந்தது. 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி எலான் மஸ்க், பழைய கணிப்பொறி உள்ள கார்களில் இம்மென்பொருளை வாங்கினவர்களுக்கு அந்தக் கணிப்பொறியை மாற்றித் தர வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார். வாங்கிய நாளில் பூர்த்தியாகாத ஒரு பண்டத்தை, பூர்த்தியாகும் என்ற நம்பிக்கையின்மீது முழு விலைக்கு விற்பது மோட்டார் வியாபாரத்துக்குப் புதிய சம்பிரதாயம்.

இவ்வளவையும் கேட்டு, இத்தகைய கருவிகளே வேண்டா என்று முடிவுகட்டுவது அவசரம். இவற்றுள் இரண்டு ஜாதிகள் உண்டு என்பதைப் பகுத்தறிய வேண்டும். மோதல் நெருங்கிவிட்ட கடைசிக் கணத்தில் மாத்திரம் குறுக்கிட்டுப் பிரேக்கை அழுத்தும் அவசரத் தடை அமைப்பு, முன்வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருக்கிறது என்று மேற்கூறிய இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் கழகம் கண்டிருக்கிறது. ஆனால், ஓயாமல் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் தானே ஆளும் அரை யந்திர ஓட்டம் விபத்தைக் குறைப்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அதே கழகம் 2024-இல் கூறியது. முன்னது காவல்; பின்னது வசதி. காவலில் ஒரு பொய் எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். வசதி என்று பணம் கொடுத்து வாங்கியதில் அதைப் பொறுத்துக்கொள்ளும்படி எவரையும் வற்புறுத்த முடியாது.

ஆகவே, இந்தக் கார்க்காரர்களுடைய குறைகளை நவீனத்தை ஏற்கத் தெரியாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்குவது தவறு. கயிற்றுக்கு அஞ்சுவதா, அரவை மிதிப்பதா என்ற வரம்பை யாரோ ஓர் எஞ்சினீயர் எங்கோ அமர்ந்து நிர்ணயிக்கிறார். அதன் விளைவை அனுபவிக்கிறவருக்கு அந்த வரம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், நேற்று இரவு அது நகர்த்தப்பட்டதா என்பதும் சொல்லப்படுவதில்லை. எதையும் பாராமல் ஒரே வேகத்தில் செல்லும் பழைய க்ரூஸ் கன்ட்ரோலையாவது தாருங்கள் என்று டெஸ்லாக்காரர்கள் பலர் கேட்பதில் உள்ள உட்பொருள் இதுதான். எது செய்யும், எது செய்யாது என்று முற்றும் தெரிந்த எளிய கருவி, பெரும்பாலும் சரியாகச் செய்தும் எப்போது தவறும் என்று தெரியாத சாமர்த்தியக் கருவியைவிட அவர்களுக்கு நிம்மதி தருகிறது.

இத்தகைய கார் ஒன்றை வாங்க எண்ணுகிற வாசகர், விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்பது நலம். யந்திர உதவி எதுவும் இல்லாத எளிய ஓட்டத்துக்கு ஒரே அழுத்தில் திரும்ப முடியுமா? அணைத்ததை அணைத்தபடியே வைத்திருக்க முடியுமா? மென்பொருள் மாறும்போது எது மாறியது என்று எழுத்தில் தெரிவிப்பார்களா? இன்று இந்தக் கார் செய்வதற்கு மாத்திரம் விலை சொல்கிறார்களா, நாளை செய்யப்போவதற்கும் சேர்த்துச் சொல்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில், உதவியை நீக்கிவிட்டுக் காரை மாத்திரம் வாங்குவதே உத்தமம்.